மின்னூட்டம் எந்த மடையில் உடைத்துக்கொண்டு போகிறது? உலோகத்தின் மேல் பாலிமர் படலம் வளராதபோது பார்க்கவேண்டியவை

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டதும் கடைமடை விவசாயி பாய் விரித்துப் படுத்துவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோரமாக நடக்கிறார். எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்தக் கரை உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். திறந்த தண்ணீரும் வயலுக்கு வந்த தண்ணீரும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியும்.

மின்வாயின் மேல், அதாவது கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் உலோகத்தின் மேல், பாலிமர் படலம் வளர்க்கிறவர்களுக்கும் அந்த நடை வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மாணவர்களோடு இந்த வேலையைச் செய்துவருகிறேன். "சார், கரண்ட் போகிறது, படலம் மட்டும் வரவில்லை" என்று யார் வந்து நின்றாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: செலுத்திய மின்னூட்டம் எங்கே போயிற்று? உலோகத்தைக் கரைத்ததா, தண்ணீரைப் பிளந்ததா, கரைசலுக்குள் நழுவிய துண்டுகளாக ஓடிவிட்டதா, உருவான படலத்தையே எரித்துவிட்டதா? கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில்கள்தான்.

நான் சொல்வது பாலிஅனிலீன், பாலிபிர்ரோல் ஆகிய இரண்டு மின்கடத்தும் பாலிமர்களைப் பற்றி. அனிலீன், பிர்ரோல் என்ற சிறு மூலக்கூறுகள், அதாவது மோனோமர்கள், சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் இவை கிடைக்கும். 1862இல் லண்டனில் லெத்தபி என்பவர் கந்தக அமிலத்தில் கரைத்த அனிலீனில் மின்சாரத்தைச் செலுத்தி, பிளாட்டினத்தின் மேல் கருநீலப் பச்சையாக ஏதோ படிவதைக் கண்டார். 1979இல் டயஸ் குழுவினர் பிர்ரோலில் இருந்து உரித்தெடுக்கக்கூடிய உறுதியான படலத்தை மின்முறையில் வளர்த்தார்கள். மின்கடத்தும் பாலிமர்களுக்காக 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஹீகர், மெக்டியார்மிட், ஷிரகாவா மூவருக்கும் கிடைத்தது. இது தூர தேசத்துச் சங்கதி என்று நம் பிள்ளைகள் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தஞ்சாவூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் வந்துவிடும் காரைக்குடியில்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதற்கு 1948இலேயே அடிக்கல் நாட்டிவிட்டார்கள்.

முதலில் ஒரு பிரிப்பு

எந்தக் கோளாறாக இருந்தாலும், அதே கரைசலில் ஒரு பிளாட்டினக் கம்பியைச் செயல் மின்வாயாக, அதாவது படலம் வளரவேண்டிய மின்வாயாக, வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் நல்ல படலம் வந்தால் கரைசலும் கருவியும் நலம், குற்றம் உங்கள் உலோகத்தில். அதிலும் வராவிட்டால் உலோகத்தைத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கரைசலையும், மின்னழுத்தத்தை அளக்க அளவுகோலாக நிற்கும் ஒப்பீட்டு மின்வாயையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ஒரு வாரத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிளாட்டினத்தில் சரிபார்க்க நான் வைத்திருக்கும் அளவு இது: 0.1 மோலார் அனிலீன், 0.5 மோலார் கந்தக அமிலம், கேலமல் என்ற ஒப்பீட்டு மின்வாயை வைத்து அளந்தால் −0.2 முதல் 0.9 வோல்ட் வரை ஏற்றி இறக்கும் சுழற்சி, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகம். முதல் சுழற்சியில் போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது மின்னோட்டம் கூடுதலாக இருக்கும். மின்னழுத்தத்துக்கு எதிரே மின்னோட்டத்தை வரைந்த கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு ஒரு சிறு கண்ணி விழும். அந்தக் கண்ணி விழுந்துவிட்டால் விதை ஊன்றிவிட்டது என்று பொருள். அடுத்தடுத்த சுழற்சிகளில் 0.2 வோல்ட் அருகே ஒரு சிகரம் எழுந்து வளரும்.

மின்னோட்டம் தாராளமாக ஓடுகிறது, படலம் இல்லை

இரும்பு, செம்பு, பித்தளை, துத்தநாகம் இவற்றில் வேலை செய்பவர்கள் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் காப்புப் பூச்சு செய்து பார்க்கலாமே என்ற ஆசை நம் ஊர் மாணவர்களுக்கு வருவது இயல்பு. நல்ல ஆசைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. அனிலீன் ஆக்சிஜனேற்றம் அடைய ஏறத்தாழ 0.8 வோல்ட் வேண்டும். இரும்பும் செம்பும் அதற்கு வெகு கீழேயே அமிலத்தில் கரையத் தொடங்கிவிடுகின்றன. நீங்கள் செலுத்தும் மின்னூட்டம் முழுவதும் உலோகத்தைக் கரைப்பதற்கே போய்விடும். மோனோமருக்கு முறை வருவதேயில்லை. மேல்மடைக்காரர் எல்லாத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டது போலத்தான்.

இதை எடை போட்டே கண்டுபிடிக்கலாம். 1 கூலூம் மின்னூட்டம் பிர்ரோலைப் பாலிமராக்கினால், இடையேறிய எதிரயனியை (பாலிமரின் நேர்மின்னேற்றத்தைச் சமன்செய்யக் கரைசலிலிருந்து நுழையும் அயனியை) சேர்க்காமல், சுமார் 0.3 மில்லிகிராம் படியும். டோலுயீன் சல்ஃபோனேட் அயனியும் சேர்ந்தால் அது 0.5 மில்லிகிராமுக்கு நெருங்கும். அதே 1 கூலூம் இரும்பைக் கரைத்தால் 0.29 மில்லிகிராம் குறையும். 2 சதுர செ.மீ. தகட்டில் 2 மில்லி ஆம்பியரை 500 நொடி செலுத்தினால் 1 கூலூம். ஆகவே 10 கூலூமாவது செலுத்தி, 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

தீர்வு, உலோகத்தின் வாயை முதலில் கட்டுவது. இரும்புக்கு ஆக்சாலிக் அமிலம் கைகொடுக்கும். 0.1 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 0.1 மோலார் பிர்ரோல் சேர்த்து, மாறாத மின்னோட்டத்தை, சதுர செ.மீ.க்கு 1 அல்லது 2 மில்லி ஆம்பியரில், செலுத்திவிட்டு மின்னழுத்தக் கோட்டைக் கவனியுங்கள். கண்ணை எடுக்காமல் பார்க்கவேண்டிய காட்சி அது. முதலில் கோடு வெகு கீழே, எதிர்மறைப் பக்கத்திலேயே, படுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு ஆக்சலேட்டோடு சேர்ந்து, நீரில் கரையாத மங்கலான மஞ்சள் பூச்சாகத் தகட்டின் மேலேயே அமர்கிறது. தகட்டின் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். பூச்சு மூடிக்கொண்டதும் கோடு விருட்டென்று மேலே தாவும். தாவி, சற்றே இறங்கி, ஒரு மட்டத்தில் நிற்கும். நின்ற பிறகு தகட்டைப் பாருங்கள்: கருமை ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டிருக்கும்.

கோடு தாவவே இல்லையென்றால் மின்னோட்டம் போதவில்லை, அல்லது கரைசலில் குளோரைடு கலந்திருக்கிறது. மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தாவிய பிறகும் படலம் இல்லையென்றால் மோனோமர் பழையது. செம்புக்கும் இதே வழிதான்: ஆக்சலேட் அல்லது சோடியம் சாலிசிலேட் கரைசல் முதலில் ஒரு மெல்லிய உறையைப் போட்டுவிடும். பித்தளையில் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைவதால் பொறுமை கூடுதலாக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.

மின்னோட்டமே இல்லை

வேதியியலைத் தொடாதீர்கள், கம்பியைத் தொடுங்கள். கலத்தை, அதாவது கரைசலும் மின்வாய்களும் உள்ள பாத்திரத்தை, எடுத்துவிட்டு ஒரு 1000 ஓம் மின்தடையை மாட்டி, ஒப்பீட்டு முனையையும் துணை முனையையும் (மின்சுற்றை முடிக்கும் துணை மின்வாய்க்குப் போவது) ஒரே காலில் இணைத்து 1 வோல்ட் கொடுங்கள். 1 மில்லி ஆம்பியர் வந்தால் கருவி நலம். பிறகு கிராக்கடைல் கிளிப்பின் பல்லைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் அமில ஆவி உலவும் அறையில், ஒரே பருவத்தில் அது பச்சை பூத்துவிடும். கிளிப் கரைசலைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் செம்பும் கரைசலுக்குள் இறங்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கருவி 'ஓவர்லோட்' என்று கத்தினால் ஒப்பீட்டு மின்வாயின் நுனியில் காற்றுக்குமிழ் நிற்கும். தலைகீழாகப் பிடித்து விரலால் இரண்டு தட்டு தட்டுங்கள். பெர்குளோரேட் கரைசலில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு: மின்வாயிலிருந்து கசியும் பொட்டாசியம் அங்கே பொட்டாசியம் பெர்குளோரேட்டாகப் படிந்து நுனியை அடைத்துவிடும். உள்ளே பொட்டாசியம் குளோரைடுக்குப் பதிலாகச் சோடியம் குளோரைடு ஊற்றிப் பயன்படுத்துங்கள்; மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் நகரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படலம் வந்தது, கழுவும்போதே உரிந்து போகிறது

பத்தில் எட்டு முறை காரணம் எண்ணெய்ப் பசை. பாத்திரக் கடையில் வாங்கிய எவர்சில்வர் தகடு கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றால், அந்த மெருகைக் கொடுத்த பசையில் மெழுகும் கொழுப்பும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உப்புத்தாள் 400, 800, 1200 என்று வரிசையாகத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, பிறகு நீரில் கழுவுங்கள். தேய்க்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் தகட்டைக் கால் சுற்று திருப்பிக்கொண்டால் முந்தைய கீறல்கள் போய்விட்டனவா என்பது தெரியும்.

சுத்தமாகிவிட்டதா என்பதற்குத் தண்ணீரே சாட்சி. தகட்டை நீரில் முக்கிச் செங்குத்தாகத் தூக்குங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு திரண்டு விலகினால் பசை இருக்கிறது. அரை நிமிடம் வரை ஒரே கண்ணாடித் தாளாக, எங்கும் கிழியாமல் நின்றால் சுத்தம். அந்த ஈரம் காயும் முன்பே கலத்தில் இறக்குங்கள். பெருவிரல் ஒரு முறை பட்டாலும் போதும். படலம் உரியும்போது உங்கள் ரேகை அப்படியே தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

தகடு சுத்தமாக இருந்தும் படலம் மாவு மாவாக உதிர்ந்தால் மின்னோட்டம் அதிகம். வேகமாக வளர்ப்பது அடர்த்தியாக வளராது. மின்னோட்டத்தைப் பாதியாக்கி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மொத்த மின்னூட்டம் அதேதான், படலத்தின் பிடிப்பு வேறாக இருக்கும். கோடையில் இது இன்னும் கூடும். ஆய்வகம் 38 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது கலத்தை ஐஸ் கட்டித் தொட்டியில் வைத்துச் செய்யுங்கள். பாலிஅனிலீன் குளிரில் ஒழுங்காக வளரும்.

எவர்சில்வரில் பழுப்புப் புள்ளிகள், படலத்துக்கடியில் துரு

இது நம் பகுதியின் சொந்த நோய் என்றே சொல்வேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். கரிக்காத ஊரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரைடு இருக்கும். எவர்சில்வரைக் காப்பாற்றும் குரோமியம் ஆக்சைடு உறையைக் குளோரைடு ஊசி முனையளவு இடத்தில் துளைத்துவிடும். அந்தத் துளைக்குள் உலோகம் கரையும், மேலே படலம் நன்றாக இருப்பது போலவே காட்டிக்கொண்டிருக்கும்.

கரைசல் தயாரிக்கும் நீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட். கருப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அரிசி கழுவிய நீரின் சாயல் துளி தெரிந்தாலும் அந்த நீர் வேண்டாம். கடையில் கேனில் வாங்கிய நீராக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அமிலத்தையும் மாற்றுங்கள்: எவர்சில்வருக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, கந்தக அமிலமோ ஆக்சாலிக் அமிலமோ போதும். ஒப்பீட்டு மின்வாயிலிருந்து கசியும் குளோரைடும் கணக்கில் உண்டு. நீண்ட நேரச் சோதனைக்கு உப்புப் பாலம் வையுங்கள்.

தகடு எந்த வகை என்பதும் முக்கியம். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று கடைக்காரர் சொல்வார். 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், துளை விழும் வாய்ப்பும் அதிகம். ரகச் சான்றோடு விற்கும் உலோகக் கடையில் வாங்குங்கள்.

கரைசல் நிறம் மாறிக்கொண்டே போகிறது

தகட்டிலிருந்து பழுப்பாகவோ ஊதாவாகவோ புகை போல இழை இறங்கினால், சங்கிலி நீளும் முன்பே சிறு துண்டுகள் கரைசலுக்குள் நழுவுகின்றன. பெரும்பாலும் காந்தக் கலக்கியை ஓடவிட்டிருப்பீர்கள், அதை நிறுத்துங்கள். துண்டுகள் தகட்டருகே தங்கினால்தான் ஒன்றோடொன்று சேரும். அனிலீனுக்கு அமிலமும் போதுமான அளவு வேண்டும். நடுநிலைக் கரைசலில் மின்கடத்தாத மெல்லிய பூச்சு மட்டும் படிந்து, வேலை அத்தோடு நின்றுவிடும்.

தொடங்கும் முன்பே கரைசல் தேநீர் நிறத்தில் இருந்தால் மோனோமர் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. புது அனிலீனும் பிர்ரோலும் நிறமற்றவை. அனிலீனைச் சிறிது துத்தநாகத் தூளோடு குறைந்த அழுத்தத்தில் வடித்து, பழுப்புப் புட்டியில், குளிர்பதனப் பெட்டியில், தேதி எழுதி வையுங்கள். சாப்பாட்டுப் பொருள் வைக்கும் பெட்டியில் கூடவே கூடாது. அனிலீன் தோல் வழியாகவே உடலுக்குள் போய் இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். உதடு நீலம் பூக்கிறது என்றால் உடனே மருத்துவமனை. கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் இந்தப் புட்டியைத் திறக்க என் மாணவர்களை நான் விடுவதில்லை.

பயன்படுத்திய கரைசலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத் தொட்டியின் குழாய் பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் நாற்றங்காலுக்குப் போகிறது. ஒரு பீக்கர்தானே என்று யாரும் சாய்க்கவேண்டாம். மூடியுள்ள கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

சுழற்சிக்குச் சுழற்சி சிகரம் சுருங்குகிறது

வளரவேண்டியது தேய்ந்தால், உருவான படலமே எரிந்துகொண்டிருக்கிறது. பாலிஅனிலீனில் 0.2 வோல்ட் சிகரத்துக்கும் 0.75 வோல்ட் சிகரத்துக்கும் நடுவே, 0.5 வோல்ட் அருகே, ஒரு புதுச் சிகரம் தலைதூக்கும். அது சங்கிலி சிதைந்து பிறந்த குயினோன் வகைப் பொருளின் அடையாளம். மின்னழுத்தத்தின் மேல் எல்லை அதிகம் என்று அது சொல்கிறது. முதல் இரண்டு மூன்று சுழற்சிகளை 0.9 வோல்ட் வரை ஓட்டி விதை ஊன்றியதும் எல்லையை 0.8க்குக் கீழே இறக்குங்கள். ஏற்கெனவே படிந்த பாலிமர் அடுத்த வளர்ச்சியைத் தானே தூண்டும், பழைய உயரம் இனித் தேவையில்லை. பாலிபிர்ரோலும் நீரில் அதிக மின்னழுத்தம் தாங்காது. கடத்தும் தன்மையை இழந்துவிடும், இழந்தது திரும்பாது.

எல்லையை மாற்றியும் பயனில்லையென்றால் ஒப்பீட்டு மின்வாய் பொய் சொல்கிறது. கேலமலுக்கும் சில்வர் குளோரைடு மின்வாய்க்கும் இடையே, இரண்டும் நிறைவுற்ற கரைசலோடு இருந்தால், 44 மில்லிவோல்ட் வித்தியாசம்தான். ஒரே வகையில் இரண்டு மின்வாய்களை ஒரே பீக்கரில் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒன்று கெட்டுவிட்டது. ஒன்றை எப்போதும் வேலைக்கு எடுக்காமல், ஒப்பிடுவதற்கென்றே பூட்டி வையுங்கள்.

கழுவியதும் பச்சை நீலமாகிவிட்டது

ஒரு முறை திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் மாணவி கையில் தகட்டோடு ஓடிவந்தார். "சார், படலம் செத்துப்போய்விட்டது." இளநாற்றுப் பச்சையில் இருந்த பாலிஅனிலீன் மைநீலமாக மாறியிருந்தது. மூன்று மணி நேர வேலை, கண் கலங்கியிருந்தது. எதில் கழுவினாய் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீர். எங்கள் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர், கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. அது பாலிமரில் ஏறியிருந்த புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டது. கடத்தும் பச்சை வடிவம், கடத்தாத நீல வடிவமாகிவிட்டது. நீர்த்த கந்தக அமிலத்தில் தகட்டை இறக்கச் சொன்னேன். கீழ் விளிம்பிலிருந்து பச்சை ஏறிவந்ததை இருவரும் நின்று பார்த்தோம். படலத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே பாலிஅனிலீனை வளர்த்த அதே அமிலத்தின் நீர்த்த கரைசலில்தான் கழுவவேண்டும். அமிலத்தில் நனைத்தும் நீலம் போகவில்லையென்றால்தான் கவலை. அது மேல் எல்லை தாண்டி ஆக்சிஜனேற்றம் அடைந்த படலம்.

ஓரத்தில் தடிப்பு, நடுவில் வெறுமை

துணை மின்வாய் சின்னது, அல்லது ஒரு பக்கமாக நிற்கிறது. தகட்டைவிடப் பெரிய வலையோ தகடோ எடுத்து, நேருக்கு நேராக, இணையாக நிறுத்துங்கள். பின்பக்கத்தையும் விளிம்புகளையும் நகப்பூச்சால் மூடிக் காயவிடுங்கள்; அசிட்டோன் கழுவலை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

நடுவில் மின்சாரம் நின்றது

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் கருவி ஒரு கணம் அணைந்து எழும். பிளாட்டினமானால் விட்ட இடத்தில் தொடரலாம். இரும்பானால் தகட்டை உடனே வெளியே எடுங்கள். அமிலத்துக்குள் சும்மா நிற்கும் இரும்பு படலத்துக்கடியில் கரைந்து, படலத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். பாதியில் நின்ற தகட்டை மறுபடி ஓட்டி முடிவைக் குறிப்பேட்டில் நல்ல கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்து, தொடர்ச்சி சேர்த்த படலம் தொடர்ந்து வளர்ந்த படலத்தைப் போல இருந்ததில்லை.

காய்ந்ததும் வெடித்துவிட்டது

தண்ணீர் வற்றிய வயலில் வண்டல் பாளம் பாளமாகப் பிளப்பதைப் போலவே பிளந்திருந்தால் காரணமும் அதுவேதான்: உள்ளே இருந்த நீர் வேகமாகப் போயிற்று, படலம் சுருங்கியது, தகடு சுருங்கவில்லை. அடுப்பிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். கழுவிய தகட்டை ஈரத் தாள் விரித்த பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சற்றே திறந்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் காலையில் தாளை எடுத்துவிட்டு இன்னொரு நாள். ஐப்பசி அடைமழைக் காலத்தில் இரண்டு நாள் போதாது, மூன்று நாள் ஆகும். அதற்கு மேலும் வெடித்தால் படலம் மிகத் தடிமன். மின்னூட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி வளர்த்துப் பாருங்கள்.